ஏழாம் நோயாளி நலமாக இருக்கிறார்

சின்னாத்தாள் செத்துப் பதினோரு மாதம் கழித்து, அவளுக்குப் புற்றுநோய் முழுவதும் குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நல்ல கனமான காகிதம், ஓரத்தில் தங்க நிறக் கோடு. வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நடக்கும் வெற்றி விழாவுக்கு ஏழாம் நோயாளியான அவர் நேரில் வந்து பொன்னாடை ஏற்றுக்கொள்ள வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தது. அந்தத் துணை ஆள், பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பத்திரண்டு வருடம் பவுண்டரியில் வார்ப்பு வேலை பார்த்து ஓய்ந்த அவள் புருஷன் வெள்ளியங்கிரி. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, சுவரில் மாலையோடு இருந்த சின்னாத்தாளை நிமிர்ந்து பார்த்தார். அவள் உடம்பைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்போதுமே அவரைவிட அதிகம் தெரிந்திருந்தது. அதனால் ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் முழுப் பெயர் நுண்ணிரும்பு மருத்துவ உயராய்வு மையம். கோயம்புத்தூருக்கு வெளியே, ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார், இரும்பாஸ்பத்திரி என்றால் நேராகக் கொண்டுபோய் விடுவார். இரும்பைத் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்து, அதற்கு ஒரு பூச்சும் கொடுத்து, டிரிப்ஸில் ஏற்றுவது அங்கே சிகிச்சை. பொடி போய்க் கட்டியில் தங்குமாம். புற்று அணுவுக்குள் பெராக்சைடு என்று ஒன்று கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம். இரும்பு அதைத் தொட்டதும் நெருப்பில்லாத ஓர் எரிச்சல் கிளம்பி, அணு தனக்குள்ளேயே வெந்து சாகுமாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று சுவரில் பெரிதாக எழுதிப் படமும் போட்டிருந்தார்கள்.

சின்னாத்தாளைச் சேர்த்த அன்று, மைய இயக்குநர் டாக்டர் கிருபாசங்கரே வந்து விளக்கினார்.

“சிம்பிளா சொல்லணும்னா, கேன்சரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கிறோம்.”

துரு என்றதும் வெள்ளியங்கிரிக்குத் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று கிடைத்த ஆறுதல் வந்தது. “ஏனுங்க சார், துரு ஒரு எடத்துல நிக்காதுங்களே. பக்கத்துல இருக்கறதையும் சேத்துத் தின்னுபோடுமுங்களே.”

டாக்டர் மனம்விட்டுச் சிரித்தார். நோயாளியின் உறவினர் சிகிச்சையில் ஆர்வம் காட்டினார் என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

நான்கு வியாழக்கிழமை இரும்பு ஏற்றினார்கள். நான்காவது வாரம் சின்னாத்தாளின் கண் மஞ்சளாயிற்று. ஈரல் கொஞ்சம் ஆச்சரியப்படுகிறது, வேறொன்றும் இல்லை என்றார்கள். நோயாளி தேறி வீடு திரும்பினார் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீடு திரும்பிய ஒன்பதாம் நாள், தண்ணீர் கேட்டவள் டம்ளர் வருவதற்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வெள்ளியங்கிரிக்குத் தண்ணீர் குடிக்கவே பிடிக்கவில்லை. தாகமெடுத்தால் குடித்தார், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. கொடுமுடியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். துக்கம் விசாரிக்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. போன் அடித்தது. சின்னப் பெண்ணின் குரல்.

“ஐயா, வணக்கமுங்க. சென்டர்ல இருந்து இளவேனில் பேசறேனுங்க. அம்மா எப்புடி இருக்காங்க?”

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், யார் வீட்டுப் பெண்ணோ, இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது. அதன் காதில் எழவுச் செய்தியைப் போடுவதா. நம் பக்கத்தில் யாருக்கும் அப்படி வாய் வராது. கடன்காரனுக்கே மோர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிற ஊர்.

“பரவால்லீங்க கண்ணு” என்றார்.

“சாப்பாடு எறங்குதுங்களா?”

“ஆமாங்க.”

“வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

கடைசிப் பதில் மட்டும் உண்மை. அடுத்த தடவை கூப்பிட்டால் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் போன் வந்தபோது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அடித்து ஓயும்வரை வெளியே நின்றார். பொய் சொன்ன மனிதனுக்கு இரண்டாவது தடவை பேசுவதுதான் கஷ்டம். அதற்கடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று.

கடிதம் வந்தபின் அப்படி நிற்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இறப்புச் சான்றிதழை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். வரவேற்பில் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. “சின்னாத்தாள். சின்னாத்தாள். அறை எண் நான்கு.”

பதினோரு மாதமாக அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. வெள்ளியங்கிரி எழுந்து, வாசலைத் திரும்பிப் பார்த்தார். தான் ஏன் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கூடத்தில் இருந்த நாற்பது பேரும் அதே வாசலைப் பார்த்தார்கள். குணமான ஏழாம் நோயாளியின் பெயர் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கண்ணாடிக் கதவு தானாக ஒரு தடவை திறந்து மூடியது. யாரும் வரவில்லை. அவர் மட்டும் நான்காம் அறைக்குப் போனார்.

அங்கே தரவு மேலாளர் பவன் இருந்தார். வயது முப்பதுக்குள். எழுந்து நின்று கை கொடுத்தார்.

“மேடம் வரலீங்களா சார்?”

“அவ செத்துப்போயிட்டாளுங்க. போன வருசமே.”

பவன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அக்கறையோடு இன்னொரு தடவையும் பார்த்தார். “இல்லையே சார்.”

வெள்ளியங்கிரி சான்றிதழை எடுத்து வைத்தார். பவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “இது டவுன் பஞ்சாயத்து கொடுத்தது சார். டவுன் பஞ்சாயத்து எங்க ஆய்வுல பங்குதாரர் இல்லையே. அதோட, இறப்புன்னா இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். நீங்க எட்டாயிரம் மணி நேரம் லேட்.”

“சரிங்க. இப்ப எழுதிக்கோங்க.”

“இப்ப எழுத முடியாது சார். ஆய்விலிருந்து விலகறதா இருந்தா நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்க உரிமை அது. அதுல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

“மாசாமாசம் நான் போனே எடுக்கலீங்களே. அப்புறம் எப்புடீங்க நல்லாருக்காள்னு எழுதுனீங்க?”

பவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பதில் வராத மாதங்களுக்குக் கடைசியாக வந்த பதிலையே எடுத்துப் போட்டுக்கொள்வது உலகம் பூராவும் உள்ள வழக்கமாம். கடைசியாக வந்த பதில், பரவாயில்லை. அந்தப் பரவாயில்லை பன்னிரண்டு கட்டங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஸ்கேனுக்கு ஆள் வரவில்லை. எடுக்காத ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. இவ்வளவு நாள் பரவாயில்லாமல், கட்டியும் தெரியாமல் இருப்பவரைக் குணமானவர் என்று கம்ப்யூட்டரே அறிவித்துவிட்டது. திரையில் மற்றக் கோடுகளுக்கு மேலே ஒரு பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

“இதுதான் மேடம்” என்றார் பவன்.

வெள்ளியங்கிரி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு எழுந்து வரப் பிடிக்கவில்லை. வீட்டில் எங்கும் இல்லாதவள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் மாதாமாதம் நடமாடிக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டுவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்தார்.

நஷ்டம் யாருக்கு என்பது வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. காங்கேயத்திலிருந்து வந்த பிரவீனா. முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில், தேங்காயெண்ணெய் மில்லில் வேலை பார்க்கும் அவள் புருஷன் அருள்குமார். வெள்ளியங்கிரி வெளியே வந்ததும் அவளே எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, சின்னாத்தாள்னு கூப்புட்டாங்களே, அவங்க வந்திருக்காங்களாங்க? ஒருக்காப் பாத்துப்போட்டன்னா எனக்குத் தைரியமா இருக்குமுங்க.”

மார்பில் கட்டி. வேறொரு ஆஸ்பத்திரியில் வருகிற திங்கட்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். கத்திக்குப் பயந்துகொண்டிருந்தவள் கையில் இந்த மையத்தின் கையேடு கிடைத்தது. ஏழாம் நோயாளிக்குக் கத்தியே படவில்லை என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. வியாழக்கிழமை விழா மேடையிலேயே அவளுக்கு முதல் டிரிப்ஸ்.

விளக்கு வைக்கிற நேரமும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. இந்தத் தடவை வெள்ளியங்கிரி சொல்லிவிட்டார்.

“அம்மணி, நான் அவ ஊட்டுக்காரனுங்க. அவ செத்துப் பதினோரு மாசமாச்சுங்க. இந்த மருந்துதான் கொன்னுச்சு. நீங்க ஆப்பரேசனுக்கே போயிருங்க.”

பிரவீனா கையேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அருள்குமார் இடையில் வந்து நின்றுகொண்டான். “பெரியவரே, பொண்டாட்டி உசுரோட இருக்கறப்ப இப்புடிப் பேசறது நல்லாவாங்க இருக்குது?”

“சத்தியமாச் சொல்றனுங்க.”

“வெளி ஆஸ்பத்திரிக்காரங்க பேஷண்டைக் கலைக்க ஆள் அனுப்புவாங்கன்னு இங்க முன்னாடியே சொல்லிப்போட்டாங்க. போயிட்டு வாங்க.”

இத்தனை கோபத்திலும் ‘வாங்க’ போட்டுத்தான் துரத்தினான். மஞ்சள் பையிலிருந்து சான்றிதழை எடுப்பதற்குள் காவலாளி வந்து, அதைவிட மரியாதையாக அவரைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அறநெறிக் குழு கூடுவதாகக் கேள்விப்பட்டு, புதன்கிழமையும் போனார். குழுவுக்குத் தலைவர் கோவிந்தராஜுலு. மூன்று ஸ்பின்னிங் மில்களை நடத்தி, இரண்டை மூடி, அதனால் அறநெறியில் நாட்டம் வந்தவர். ஏழு பேர் உட்கார்ந்து முந்திரி சாப்பிட்டுக்கொண்டே வெள்ளியங்கிரி சொன்னதை முழுவதும் கேட்டார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. நல்ல பண்பாடு உள்ளவர்கள்.

“உங்க வருத்தம் புரியுது” என்றார் கோவிந்தராஜுலு. “ஆனா ஒரு நோயாளி உசுரோட இருக்காரா இல்லையாங்கறதுல இந்தக் குழு எப்பவும் தலையிட்டதில்லை. அது விஞ்ஞானம். சம்மதம் முறையா வாங்கினாங்களா, அதுமட்டும்தான் எங்க கவலை. உங்க சம்சாரம் இருபத்துநாலு மாசம் ஆய்வுல இருக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நடுவுல இறந்துட்டதா நீங்க சொல்றீங்க. அப்படின்னா ஒப்பந்தத்தை மீறினது யாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

வெள்ளியங்கிரி யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு ஏத்தப்போறாங்களுங்க. அதையாச்சும் நிறுத்துங்க.”

“அந்தப் பொண்ணோட சம்மதப் படிவத்தை நானே பார்த்தேன். எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து இருக்கு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன பாதுகாப்பு வேணும்?”

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். உறுப்பினர் ஒருவர் மட்டும், நோயாளி இறந்த பிறகும் குணமடைந்துகொண்டே போனது மருந்தின் நீண்டகாலப் பலனைக் காட்டுகிறதா என்று தனியாக ஆராயலாம் என்றார். தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

அன்று பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தவர் சமையலறையில் நின்றபடியே நெடுநேரம் இருந்தார். சின்னாத்தாள் எங்கேயோ பக்கத்தில் நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், பார்ப்பாள். அந்தக் காங்கேயத்துப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அதற்கு முதல் ஆள் தான்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே கழுவுவது.

வியாழக்கிழமை விழா மண்டபத்தில் அவரைத் தடுக்கவில்லை. அழைப்பிதழில் துணை ஆளுக்கு இடம் இருந்தது. முன்வரிசையில் ஏழாம் நோயாளி என்று எழுதி ஒட்டிய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. மடித்த பொன்னாடையை அதன்மேல் வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். யாரோ ஒரு பெண் இரண்டு நாற்காலிக்கும் தனித்தனியாகப் பாதாம் பால் கொண்டுவந்து வைத்தாள். மேடைத் திரையில் சின்னாத்தாளின் முகம் பத்தடி உயரத்துக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கொடுத்த அதே போட்டோ. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். இங்கே மாலை இல்லை. மாலை இல்லாமல் அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மேடையில் பிரவீனா சாய்வு நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்தி டேப் ஒட்டியாயிற்று. குழாயில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டியதும் இரும்பு இறங்கும். டாக்டர் கிருபாசங்கர் மைக்கைப் பிடித்தார்.

“பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தோம். பன்னிரண்டு பேரும் நலம். இதே துகளை வேற ரெண்டு ஊர்லயும் கொடுத்துப் பார்த்தாங்க, இவ்வளவு நல்ல முடிவு அங்கே வரலை. ஏன்? நான் ரொம்ப யோசிச்சேன். காரணம் மருந்து இல்லைங்க, மக்கள். கொங்கு மக்கள் மரியாதையானவங்க. குறை சொல்ல மாட்டாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கோம்னுதான் சொல்வாங்க. இப்படிப்பட்ட நோயாளிகள் அமைஞ்சா எந்த விஞ்ஞானமும் ஜெயிக்கும்.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. சிலர் வீட்டுப் புகழைக் கேட்ட பெருமையோடு தட்டினார்கள்.

“நேற்று ஒரு சின்னச் சந்தேகம் எழுப்பப்பட்டது. எங்ககிட்ட ஒளிவுமறைவு கிடையாது. ஏழாம் நோயாளியின் குடும்பத்தோட பேசினதை அப்படியே பதிவு பண்ணி வெச்சிருக்கோம். நீங்களே கேளுங்க.”

மண்டபத்தின் எட்டு ஒலிபெருக்கியிலும் வெள்ளியங்கிரியின் குரல் வந்தது. பரவால்லீங்க கண்ணு. ஆமாங்க. இல்லீங்க. அந்தக் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தமும் இருந்தது. போனில் மெல்லியதாக இருந்திருக்கும், இங்கே பெரிதாகக் கேட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒரே இழுப்பில் ஏறி இறங்கும் குரலில். திரையில் எழுத்து ஓடியது. பின்னணியில் குடும்பத்தினர் மகிழ்ச்சியுடன் பாடுகின்றனர்.

மேடையில் இருந்தவர்கள் புன்னகையோடு கேட்டார்கள். சிறப்பு விருந்தினர் மேசைமேல் விரலால் தாளம்கூடப் போட்டார். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். எழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சத்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரவீனா எழுந்தாள். கையில் ஊசியோடும் தொங்கும் குழாயோடும் படியிறங்கி வந்து வெள்ளியங்கிரியின் முன்னால் நின்றாள்.

“அது எத்தனாவது நாளுங்க?”

“மூணாவது நாளுங்க அம்மணி.”

அவள் டேப்பைப் பிய்த்து ஊசியை உருவிக் காலி நாற்காலியில் வைத்தாள். ரத்தம் வந்த இடத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு, முன்வரிசையில் இருந்த புருஷனிடம் திரும்பினாள். “தேதி இன்னும் இருக்குதான்னு கேளுங்க.”

மூவருமாக வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அருள்குமார் போனை எடுத்தான். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை பேசினான். வெள்ளியங்கிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“திங்கக்கெழமையே வரச் சொல்றாங்க” என்றான். “வெறும் வயித்தோட.” பிறகு வெள்ளியங்கிரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

உள்ளே, தொழில்நுட்பக் காரணத்தால் முதல் சொட்டுத் தள்ளிவைக்கப்படுகிறது, அனைவரும் உணவருந்திச் செல்லவும் என்று அறிவித்தார்கள். படிவமும் பேனாவுமாக ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. விலகுவதானால் இங்கே ஒரு கையெழுத்து வேண்டுமுங்க என்று அவள் பிரவீனாவிடம் சொன்னபோதே வெள்ளியங்கிரிக்குப் போனில் கேட்ட அந்தக் குரல் தெரிந்துவிட்டது. பிரவீனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் புருஷனோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். இளவேனில் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“தப்பு என்ற மேலதான் கண்ணு” என்றார் வெள்ளியங்கிரி. “அன்னைக்கே உங்கிட்டச் சொல்லியிருக்கோணும்.”

“நீங்க சொல்லோணும்னே இல்லீங்கய்யா. அன்னைக்கே எனக்கு அழுகைச் சத்தம் கேட்டுச்சுங்க.”

“அப்புறம் ஏங்கண்ணு எழுதலே?”

“ஒடம்பு, சாப்பாடு, வலி, இதுக்குத்தானுங்க கட்டம் இருந்துச்சு. அழுகைக்குக் கட்டம் இல்லீங்க.”

வெள்ளியங்கிரி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். திரையில் இப்போது பன்னிரண்டு நோயாளிகளின் கோடுகளும் ஏறாமல் இறங்காமல் நேராக நின்றன.

“மத்த பதினோரு பேரு ஊட்டுக்கும் நீதான் கூப்புட்டியா கண்ணு?”

“ஆமாங்க.”

“எல்லாரும் என்ன சொன்னாங்க?”

“பரவால்லைன்னுதான் சொன்னாங்க.”

கேட்காமல் போய்விடலாம் என்று பார்த்தார். முடியவில்லை. “அங்கயும் சத்தம் கேட்டுச்சா?”

இளவேனில் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த படிவத்தை நான்காக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

“எல்லா ஊட்டுலயும் கேட்டுச்சுங்கய்யா” என்றாள்.